குமிழ் யார் கையில்?
(புன்னைக்காயல் கூட்டத்தில் பேசியது)



இந்த ஊரில் இருந்து ஊழியம் செய்த அன்றீக்கே அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அச்சு வந்து நானூறு வருசம் தாண்டியாச்சு. நம்ம ஆச்சிமார் ஒப்பாரி எத்தனை அதில் ஏறியது?

ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றுக்குப் போனோம். "பறை சத்தம் ஜாஸ்தி" என்று அங்கிருந்தவர் குமிழைத் திருகிக் குறைத்தார். கடைசியில் கேட்டால் பறையே இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், குமிழ் நம்ம கையில் இருக்கணும்.

யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு சின்னப் பெட்டி. மைக்கில் பிறக்கும் மின்னலையை எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பதிவதற்கு 'ஆடாசிட்டி' இலவசமாகவே கிடைக்கிறது. கன்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பொத்தானை அமுக்கணும். டைனமிக் மைக்குக்கு வேண்டாம். பாடுகிறவருக்கு ஹெட்போனில் தன் குரல் பிந்திக் கேட்டால் 'டைரக்ட் மானிட்டர்' போடுங்கள்.

பறையை முதலில் உச்ச வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அந்த அடி −12 டெசிபலைத் தொடுகிற அளவுக்குக் கெயின் குமிழை வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் சத்தம் உடைந்துபோச்சு. பிறகு ஒட்ட வைக்க முடியாது. பறைக்கு மைக் நாலடி தள்ளி நிற்கட்டும். ஒப்பாரிக்கு ஒரு சாண் போதும். கடல்காற்று வரும் சன்னலை அடைத்து, சுவரில் போர்வை தொங்கவிடுங்கள்.

பதிந்ததை வேவ் கோப்பாக இரண்டு இடத்தில் வையுங்கள். பாடிய ஆச்சியின் சம்மதம் கேளுங்கள். பேரை எழுதுங்கள். காசு வந்தால் பங்கு கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால், அந்தக் குமிழைத் திருகியவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?