வானூர்தி நிலையமும் நிலமற்றோரும்

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்திற்கென 2022-ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. பயணிகட்கு வசதி, வணிகர்க்கு ஆதாயம், நிலமுடையோர்க்கு இழப்பீடு. ஏகனாபுரத்து மக்களோ, ஏரியும் வயலுமே வேண்டுமெனப் போராடினர். பட்டாவே இல்லாத கூலித் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும்? நாம் கேட்க வேண்டிய வினா இதுவே.

2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம், நிலமில்லாவிடினும், எடுப்புக்கு முன் மூன்றாண்டு அங்கு உழைத்துப் பிழைத்த குடும்பத்தையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்கிறது. அவ்வுழைப்பை மெய்ப்பிக்கச் சான்று வேண்டாவா?

இளைஞர்களே! குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை ஆகியவற்றில் நம்மவர் பெயர் உளதா எனப் பாருங்கள். கணக்கெடுப்பு நாளில் எழுத்தறியாப் பெற்றோர் அருகில் நில்லுங்கள். நாம் கற்ற கல்வி அன்று பயன்படட்டும்.