பட்டாவில் இருக்கும் அட்டவணையை நீங்களே படியுங்கள்

(ஆத்தூரில் நடந்த மின்சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

இப்போது பட்டா நகல் எடுக்க தாலுகா ஆபீஸ் படியேற வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் போதும், கைப்பேசித் திரையிலேயே வந்துவிடும். எடுப்பது சுலபமாகிவிட்டது. எடுத்ததைப் படிக்கத்தான் இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

முதலில் ஒன்று. அந்தப் பக்கத்தை யாரும் உட்கார்ந்து டைப் அடிப்பதில்லை. தலைப்பும் கட்டங்களும் முன்பே தயாரித்து வைத்த படிவம். நீங்கள் பட்டனை அழுத்தியதும் மென்பொருள் வருவாய்த் துறையின் மின்பதிவேட்டுக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்து, அட்டவணையாக அடுக்கிப் பக்கத்தில் பொருத்திவிடுகிறது. பட்டாவில் நான்கு புல எண் இருந்தால் நான்கு வரிசை. பதிவேட்டில் பெயர் பிழையாக இருந்தால் பிழையாகவே அச்சாகும். அதுக்கு சரி, தப்பு தெரியாதுங்க. நமக்குத்தான் தெரிய வேண்டும்.

மேலே உரிமையாளர்களின் பெயர்கள் இருக்கும். அதற்குக் கீழே நிலங்களின் அட்டவணை. கூட்டுப் பட்டாவில் இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் தம்பி மூன்று பேர், பட்டாவில் மூன்று பெயர். கீழே மூன்று புல எண். நிலம் வாங்க வந்தவர், முதல் பெயருக்கு முதல் வரிசை என்று தானே கணக்குப் போட்டு, மூத்தவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டார். மற்ற இரண்டு தம்பிகளும், "அதுல எங்களுக்கும் பங்கு இருக்குங்க" என்று வந்து நின்றார்கள். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அவர் ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தார்.

பெயர்ப் பட்டியலும் நில அட்டவணையும் தனித்தனி. எந்த நிலம் யாருக்கு, எவ்வளவு பங்கு என்று கூட்டுப் பட்டா சொல்லாது. அதைப் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் மற்றப் பத்திரங்களிலும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து பரப்பு. அட்டவணையில் புன்செய், நன்செய், மற்றவை என மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் பரப்பு, தீர்வை என இரண்டு பத்தி. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். '0 - 40.50' என்று பார்த்ததும் "நாற்பதரை சென்ட்டுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது 40.50 ஏர். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். பெருக்கிப் பாருங்கள், 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். '1 - 21.50' என்றால் 121.50 ஏர், சுமார் மூன்று ஏக்கர். கைப்பேசியிலேயே கால்குலேட்டர் இருக்கே, ஒரு நிமிஷ வேலை.

கடைசிப் பத்தி குறிப்புரை. அதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பட்டா மாறுதல் உத்தரவின் எண்ணும் தேதியும் அங்கேதான் வரும். பக்கத்தின் அடியில் குறிப்பு எண், கியூஆர் கோடு, அச்சிட்ட தேதி, நேரம் இருக்கும். அந்தத் தேதி முக்கியம். நீங்கள் பார்ப்பது அந்த நாளில் பதிவேடு இருந்த நிலைமை. அதற்குப் பிறகு நிலத்தில் ஒரு பகுதி விற்கப்பட்டு, உட்பிரிவு ஆகியிருக்கலாம். அதனால் விற்பவர் காட்டுகிற தாளை மட்டும் நம்பாதீங்க. புல எண்ணை வாங்கி, அன்றைக்கே நீங்களே புதிதாக ஒரு நகல் எடுங்கள். அதே தளத்தில் புலப்படமும் கிடைக்கும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்தில் பெறலாம். பட்டா என்பது வருவாய் ஆவணம். பத்திரத்தையும் வில்லங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உரிமை தெளிவாகும்.

பிழை இருந்தால் என்ன செய்வது? கணினி மையத்தில் இருக்கும் பிள்ளையிடம் "தம்பி, இதை மாத்திக் குடு" என்று கேட்காதீர்கள். அச்சிட்டவரால் திருத்த முடியாது. பதிவேட்டைத் திருத்தினால்தான் அட்டவணை மாறும். பெயர்ப் பிழை என்றால் பத்திரம், அடையாளச் சான்றுகளோடு வட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். பரப்பிலோ எல்லையிலோ சந்தேகம் என்றால் நில அளவுக்கு விண்ணப்பியுங்கள். ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. உங்கள் பட்டாவைக் கைப்பேசியில் எடுத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் எது எந்தக் காடு, அப்பா காலத்ததா, நாம் வாங்கியதா, பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மென்பொருள் போடுகிற அட்டவணையில் புல எண் இருக்கும். அது கிணத்துக்காடா, மேட்டுக்காடா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.