கஞ்சியோடு பயறும் வேண்டும்



2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 100 பேரில் சுமார் 13 பேர் 60 வயதை எட்டியவர்கள். இந்தியா முழுவதும் சேர்த்தால் 9 பேர்தான்.

வயதானவர் கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். சிலர் பிறகு எழுந்து நடப்பதே இல்லை. "வயசானா விழத்தானே செய்வாங்க" என்று விட்டுவிடலாமா? கூடாது.

வயது ஏற ஏறத் தசை தேயும். கால் தளரும். பல் இல்லை, பசி இல்லை என்று பலர் வெறும் கஞ்சி குடித்துப் படுக்கிறார்கள். பாட்டி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுகிறார். கஞ்சி வயிற்றை நிரப்பும். தசைக்கு அது போதாது. தசைக்குப் புரதம் வேண்டும்.

கஞ்சியும் பயறும் திருவனந்தபுரத்தில் பழைய வழக்கம். பயற்றைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். முட்டை, மீன், மோர் கொடுங்கள்.

எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் அது சுமார் 350 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியிலும் உண்டு. அந்தச் சத்து உடலில் சேர வைட்டமின் டி தேவை. வெயில் பட்டால் தோலே அதைத் தயாரிக்கும். வெயிலில் சற்று நடந்தால் காலும் உறுதிப்படும்.

இரவில் எழ வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. உடலில் நீர் குறைந்தால் தலை சுற்றும். பகலிலேயே போதுமான அளவு குடிக்கட்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரையாலும் மயக்கம் வரலாம். நகரத்தில் 65 வயது கடந்தவர்களை வயோமித்ரம் நடமாடும் மருத்துவமனையில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அழைத்துச் செல்லுங்கள்.

இன்று இரவு பாட்டிக்கு முதலில் பரிமாறுங்கள்.