பச்சைக் கட்டமும் நல்ல பெயரும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தவன் பத்து நிமிஷத்தில் விட்டதாக நம் காலேஜில் சரித்திரம் இல்லை. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

இன்று காலை கேன்டீன் வாசலில் மூன்றாம் ஆண்டு தம்பி ஒருவர் என்னிடம், "சார், என் கிட்ஹப் பக்கத்துல பச்சையே இல்ல. வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன்.

மெக்கானிக்கல் நண்பர்கள் முழிக்கிறார்கள். கிட்ஹப் என்பது 2008-ல் வந்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை ஊரறிய வைக்கும் இடம். 2013 முதல் அங்கே ஒவ்வொருவர் பக்கத்திலும் வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு. அன்று வேலை பதிவாகியிருந்தால் பச்சை. அதே 2008-ல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், நாம் சொன்ன பதிலுக்கு ஒரு ஓட்டு விழுந்தால் 10 புள்ளி, கேட்டவரே ஏற்றுக்கொண்டால் 15. எங்கள் காலத்து மார்க் ஷீட் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இது தினமும் வருகிறது, உலகமே பார்க்கிறது.

மார்க் என்று வந்துவிட்டால் பிட் அடிப்பதும் வரும் அல்லவா? வேலை பதிவாகும் தேதியை நாமே எழுதிக்கொள்ள முடியும். சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் போட்டால் ஒரே ராத்திரியில் போன வருஷம் முழுக்கப் பச்சைப் பசேல் என்று ஆகிவிடும்!

இது தனிமனிதத் தந்திரம், போகட்டும். ஊர் மானம் போன கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-ல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் மாத விழாவைத் தொடங்கியது. எல்லோருக்கும் பொதுவான மென்பொருள்களுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-சர்ட் பரிசு. 2020-ல் நான்கு திருத்தம் போதும். அது எவ்வளவு சுலபம் என்று நம் நாட்டு யூடியூப் வீடியோ ஒன்று காட்ட, ரீட்மீ கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றி, "அருமையான புராஜெக்ட்" என்று சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். அந்த மென்பொருள்களைக் காப்பாற்றி வருபவர்களில் பலர் சம்பளமில்லாமல் உழைப்பவர்கள். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூட வேண்டியதாயிற்று. அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் விதியையே மாற்றி, சம்மதம் தெரிவித்த புராஜெக்டுகளுக்கு மட்டும்தான் விழா என்று ஆக்கினார்கள்.

பாடம் கற்றோமா? 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற மென்பொருளின் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி நம் மாணவர்கள் வரிசையாகத் திருத்தம் அனுப்பினார்கள். ஒரு பயிற்சி வீடியோவில் மாதிரிக்குக் காட்டியதை அப்படியே செய்ததுதான் காரணம். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்ல. "பச்சை இருந்தால்தான் வேலை" என்று நாம்தானே பயமுறுத்தி வைத்திருக்கிறோம்? ஆனால் வசை விழுந்தது இந்தியப் பெயருள்ள எல்லோர் மீதும். ஒழுங்காக வேலை செய்து அனுப்பியவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிப் போனான்.

சரி, நல்ல பெயர் என்றால் என்ன? அதை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில், இறுதியாண்டு விடுமுறையில் கற்றேன். அந்தப் பட்டறைக்குப் போர்டுகூடக் கிடையாது. ஆனால் ஜாப் ஒர்க் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் 200 புஷ் அனுப்பிவிட்டோம். சாயங்காலம் மேஸ்திரி மிச்சமிருந்த ஒன்றை கேஜில் போட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வாங்கியவர்கள் இன்னும் கவனிக்கவே இல்லை. இவரே போன் செய்தார்: "நாங்க அனுப்பின புஷ்ஷுல உள்விட்டம் தப்பு. மாட்டிடாதீங்க, நானே வந்து எடுத்துக்கிறேன்." அந்த வார நஷ்டம் பட்டறைக்குப் பெரிது. ஆனால் அதற்கப்புறம் அந்த ஆர்டர் வேறு எங்கும் போகவில்லை. அவரைப் பற்றி அவர் சொன்னதே இல்லை, அவரிடம் வாங்கியவர்கள்தான் சொன்னார்கள்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. சில வருஷங்களுக்கு முன் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பூந்தமல்லிப் பக்கத்துப் பையன் ஒருவரின் விண்ணப்பம் வந்தது. பக்கத்தைத் திறந்தேன். ஒரு கட்டம்கூடப் பச்சை இல்லை. மூன்று நிமிஷத்தில் ஒதுக்கிவிட்டேன். பிறகு ஒருமுறை எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே மெஷின்கள் நிற்பதையும் ஓடுவதையும் காட்டும் திரை ஒன்று இருந்தது. சூப்பர்வைசர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம தம்பி ஒருத்தர் எழுதினது சார். மூணு வருஷமா ஒருநாள் மக்கர் பண்ணினதில்ல." பெயரைக் கேட்டேன். அதே பையன். அவர் எழுதியதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். வெளியே காட்ட முடியாது. பகல் முழுக்க வேலை, ராத்திரி பஸ். அவருக்குப் பச்சை எங்கிருந்து வரும்?

மாணவச் செல்வங்களே, கட்டத்தை நிரப்பாதீர்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் உங்களைத் தொந்தரவு செய்த ஒரே ஒரு பிழையைத் தேடித் திருத்துங்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. அல்லது நீங்கள் புரிந்துகொண்டதைத் தமிழில் எழுதுங்கள். 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரைகளால் பயன்பட்டவர்கள் ஏராளம். தப்பு செய்தால் அடுத்தவன் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லுங்கள். மேஸ்திரியின் போன் ஞாபகம் இருக்கட்டும்.

என் வயது நண்பர்களே, ஆள் எடுக்கும் இடத்தில் நம்மில் பலர் உட்கார்ந்திருக்கிறோம். கட்டத்தை எண்ணாதீர்கள். அந்தப் பிள்ளை எழுதிய ஒரு புரோகிராமை அரை மணி நேரம் படியுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் கூப்பிட்டு, "நீ செய்ததை யார் பயன்படுத்தினார்கள்?" என்று கேளுங்கள். பிட் அடிக்கத் தேவையில்லாமல் செய்வது நம் கையில்தான் இருக்கிறது.

கேன்டீன் வாசலில் கேட்ட தம்பிக்கு: வேலை கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை என்னிடம் கொண்டு வாருங்கள். இந்தத் தடவை மூன்று நிமிஷத்தில் மூடமாட்டேன்.