கங்காணிக்கு லைசென்ஸ், கணினிக்கு சூடோ

கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம். அந்நாளில் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டால் தோட்டத் துரையே கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போகமாட்டார். தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணிக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து அனுப்புவார். எந்தத் தோட்டம், எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். துரை பெயரால் ஆள் சேர்க்கலாம். அதற்காகத் துரையின் பெட்டிச் சாவி கங்காணிக்குக் கிடைத்துவிடாது. 1938இல் இந்திய அரசு தடை போட்டதும் அந்த ஏற்பாடு நின்றது.

சாவியைக் கொடுக்காமல் ஒருவர் பெயரில் இன்னொருவரைச் செயல்பட விடும் தேவை யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளிலும் வருகிறது. ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து எடையைப் பதியும் கணக்கின் பெயர் ‘நிறுவை’. சம்பளக் கோப்புகள் ‘சம்பளம்’ என்ற இன்னொரு கணக்குக்குச் சொந்தம். பதிவு முடிந்ததும், நடுராத்திரியானாலும், ‘நிறுவை’ ஒரு ஸ்கிரிப்டை ‘சம்பளம்’ பெயரில் ஓட்ட வேண்டும். அந்நேரத்தில் கடவுச்சொல்லைத் தட்ட யார் இருக்கிறார்கள்?

பலர் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். சுத்த அசட்டுத்தனம். ஸ்கிரிப்டைப் படிக்க முடிந்தவர் எல்லாருக்கும் அது தெரிந்துபோகும். எடுத்துவைத்த நகல்களிலும் கிடக்கும்.

இதற்குத்தான் ‘சூடோ’ என்ற நிரல் இருக்கிறது. 1980 வாக்கில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் கோக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. ‘சூடோயர்ஸ்’ என்ற கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி சொல்வது இதுதான்: நிறுவை, இந்தக் கணினியில், சம்பளமாக மாறி, கடவுச்சொல் இல்லாமல், இந்த ஒரு ஸ்கிரிப்டை மட்டும் ஓட்டலாம். ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். ‘எல்லாக் கட்டளைகளும்’ என்று எழுதினால் சாவிக்கொத்தையே கொடுத்ததாகிவிடும்.

கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. அந்த ஸ்கிரிப்டை ‘நிறுவை’ திருத்த முடிந்தால் கட்டுப்பாடு அத்தனையும் வீண்; உள்ளே எதை வேண்டுமானாலும் எழுதி ஓட்டிவிடலாம். ஸ்கிரிப்டும் அது இருக்கும் அடைவும் நிர்வாகியின் பொறுப்பிலேயே இருக்கட்டும். சூடோயர்ஸ் கோப்பைத் திருத்த ‘விசூடோ’வைப் பயன்படுத்துங்கள், வரியின் அமைப்பில் பிழை இருந்தால் சேமிக்கும் முன்பே சொல்லிவிடும்.

ஆசை காட்டி ஆள் பிடித்த கங்காணிகளும் இருந்தார்கள், லைசென்ஸை வைத்துக்கொண்டே. அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது, கண்காணிக்கவும் வேண்டும். சூடோ, யார் எப்போது எதை ஓட்டினார் என்று பதிந்துவைக்கும். அந்தப் பதிவைப் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டும். சூடோவிலேயே 2011இல் நுழைந்த ஓட்டை ஒன்று 2021 ஜனவரியில்தான் அம்பலமானது. சாதாரணப் பயனர்கூட அதன் வழியே முழு அதிகாரம் பெற முடிந்தது. அதனால் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலை என்றால், ‘சம்பளம்’ கணக்கின் சொந்த ‘கிரான்’ பட்டியலிலேயே போட்டுவிடலாம், சூடோவே தேவையில்லை. உங்கள் அலுவலக ஸ்கிரிப்டுகளில் எங்காவது கடவுச்சொல் எழுதியிருக்கிறதா என்று நாளைக்கே தேடிப் பாருங்கள். இருந்தால் அழிப்பதோடு விடாமல், அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.