மருத்துவ மாணவரும் மறுசோதனையும்
(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நம்மூர்ப் பிள்ளையொன்று மருத்துவ பீடத்துக்குத் தெரிவு செய்யப்பட்டால் வீட்டிலே பொங்கலும் கோயிலிலே அருச்சனையும் நடைபெறுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் அதே பிள்ளை பின்னர் ஒரு பாடத்திலே தவறினால், அச்செய்தி அயலார்க்குத் தெரியாமல் மறைக்கப்படுகின்றது. சிலவேளை பெற்றோர்க்கே மறைக்கப்படுகின்றது. நாமும் உடற்கூற்றியலிலே தவறிவிட்டு, முடிவு இன்னும் வரவில்லையென்று தாயாரிடம் பொய் சொன்னவரே.

உயர்தரப் பரீட்சையிலே முன்னின்ற பிள்ளை ஏன் தவறுகின்றது? மூளை மழுங்கிவிட்டதா? இல்லை. தமிழிலே விஞ்ஞானங் கற்றவர் மருத்துவ பீடத்தின் முதல்நாள் தொடக்கம் ஆங்கிலத்திலே கேட்கவும் எழுதவும் வேண்டியவராகின்றார். எலும்புக்கும் நரம்புக்கும் உள்ள பெயர்களோ ஆங்கிலமுமல்ல. பெரும்பாலும் இலத்தீனும் கிரேக்கமும். எழுத்துச் சோதனையைச் சமாளித்தாலும், வாய்மொழிச் சோதனையிலே தெரிந்த விடையும் தொண்டைக்குள் நின்றுவிடுகின்றது. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்ததையும், நூல்களைத் தமிழாக்கியதையும் மேடைதோறும் பெருமையாகச் சொல்லுகின்றோம். இன்று ஆங்கிலத்திலே இடர்ப்படும் பிள்ளைக்கு நாம் என்ன செய்தோம்?

எமக்குக் கைகொடுத்தது தனியே விழித்திருந்து படித்த படிப்பன்று. நண்பர் இருவருடன் மாலைதோறும் கூடினோம். புத்தகத்தை மூடிவைத்து, படித்ததை முதலிலே தமிழிற் சொல்லி விளங்கிக்கொண்டு, பின்பு ஆங்கிலத்திலே உரத்துச் சொன்னோம். ஒருவர் சோதகராக இருந்து கேள்வி கேட்பார். முதலிரு கிழமையும் ஒரே சிரிப்புத்தான். ஒரு விரிவுரையாளரிடம் நிலைமையைச் சொன்னபோது, நாம் அஞ்சியதுபோல அவர் ஏசவில்லை. எங்கே பிழைத்தோமென்று காட்டினார். ஆனால் உறக்கமும் உணவும் கெட்டு, வாழ்விலே வெறுப்புத் தோன்றுமாயின் அது சோம்பலன்று, நோய். உடனே வைத்தியரைக் காணவேண்டும். மருத்துவம் படிப்பவர் வைத்தியரிடம் போக வெட்கப்படுவது பெரிய வேடிக்கை!

எதிர்காலத்தைப் பற்றியும் ஒளிக்காமற் பேசுவோம். மறுசோதனையாற் சில நட்டங்கள் உண்டு. இறுதிச் சோதனையின்பின் பீடங்கள் அனைத்துக்கும் பொதுவான தகைமைப் பட்டியல் ஒன்று தயாராகின்றது. பன்னிரண்டு மாத உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலை என்பதை அப்பட்டியலின் வரிசைப்படியே தெரியலாம். பின்தங்கியவர் விரும்பிய இடத்தை இழக்கலாம். வீட்டுக்குத் தொலைவிலே பணியாற்ற நேரலாம். எனினும் விசேட வைத்தியராகும் வாயில் அத்துடன் அடைபடுவதில்லை. 1980இல் தொடங்கப்பட்ட பட்டப்பின்படிப்பு மருத்துவ நிறுவகம் தனக்கெனத் தெரிவுப் பரீட்சைகளை நடத்துகின்றது. உள்ளகப் பயிற்சியும் விதித்த சேவைக்காலமும் முடித்தவர் அங்கே புதிதாகப் போட்டியிடலாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. ஆனால் இரண்டாமாண்டிலே தவறிய பாடம் அந்த மண்டபத்துக்குள் கூட வருவதில்லை.

பெரியோர்களே, கோயில் வீதியிலே அப்பிள்ளையைக் கண்டால், “சோதனை என்னமாதிரி?” என்று கேளாதீர்கள். “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று கேளுங்கள். எம் தாயார் உண்மையை முன்பே அறிந்திருந்தார். நாமாகச் சொல்லும்வரை காத்திருந்தார் என்பதைப் பல்லாண்டு கழித்தே அறிந்தோம்.

மன்றத்தின் வாசிப்பறை ஞாயிறு மாலைகளிலே பூட்டிக் கிடக்கின்றது. அதனை இம்மாணவர் கூடிப் படிக்கத் திறந்துவிடுமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். கேள்வி கேட்க நாம் வருகின்றோம்.