துண்டு துண்டாய் வரும் கோப்பு

பெரிய கோப்பொன்றை எல்லோரும் ஒரே சர்வரிலிருந்து இறக்கிக்கொள்வதற்குப் பதிலாக, அதைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, பெற்றவர் பெறாதவருக்கு வழங்கிக்கொண்டே தாமும் பெற்றுக்கொள்ளும் டாரண்ட் முறையை, அமெரிக்கரான பிராம் கோஹன் 2001-ஆம் ஆண்டில் உருவாக்கினார். முகமறியாத அந்நியர் அனுப்பும் துண்டுகளை நம்புவது எங்ஙனம் என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் உரிய கணித முத்திரை பதிவிறக்கத்துக்கு வழிகாட்டும் 'டாரண்ட் கோப்பு' என்னும் சிறு கோப்பிலேயே முன்கூட்டிப் பதிவாகியிருப்பதால், வழியில் அணுவளவு மாறினும் அத்துண்டு நிராகரிக்கப்பட்டு, மீண்டும் பெறப்படுகிறது.

2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்னும் கணினி இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் விஷமிகள் புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை நச்சு கலந்த பிரதியின்பால் திருப்பிவிட்டபோது, டாரண்ட் வழியே பெற்றவர்களுக்கு யாதொரு பாதகமும் நேரவில்லை என்பது, டாரண்ட் என்றாலே முகம் சுளிப்போர் அறிய வேண்டிய விசித்திரம்.

ஆயினும் அம்முத்திரை சாட்சி சொல்வது பிரதியின் ஒற்றுமைக்கேயன்றி மூலத்தின் யோக்கியதைக்கு அன்று. மூலமே நஞ்சாயின், நஞ்சு பழுதின்றி வந்து சேரும். அவ்வாண்டு மார்ச்சிலேயே, டிரான்ஸ்மிஷன் என்னும் டாரண்ட் மென்பொருளின் மேக் பதிப்பு, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கீரேஞ்சர் என்ற துஷ்ட நிரலுடன், அதன் சொந்தத் தளத்திலிருந்தே விநியோகமாயிற்று. அன்றியும், பகிர்வோர் கூட்டத்தில் உங்கள் ஐ.பி. முகவரி பகிரங்கமானது.

ஆகவே, டாரண்ட் கோப்பை வெளியீட்டாளரின் தளத்திலேயே எடுங்கள். திரைப்படத்தின் பெயர் தாங்கி வரும் மென்பொருள் கோப்பை ஒருபோதும் திறவாதீர்கள்.